மரநாய்க்கு ஏற்ற துப்பாக்கி

மரநாயைச் சுட்டே தீருவது என்று ரசலையன் முடிவு கட்டிவிட்டார். குலசேகரம் சந்தையில் நாலு பேர் காதுபடச் சொல்லியும் விட்டார். ஒரே ஒரு சங்கடம்தான். வெடிச் சத்தம் கேட்டால் அவருக்கு ஈரக்குலை நடுங்கும். வெயிலில் ரப்பர்க்காய் வெடித்தாலே நெஞ்சில் கை வைக்கிற மனுஷன் அவர்.

கூரையில் விலகிக் கிடந்த ஓட்டின் சந்து வழியே மச்சில் குடியேறிய மரநாய், ராத்திரியில் இறங்கிக் கோழிகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. "ஓட்ட அடைங்க" என்று மனைவி சத்தியபாய் சித்திரையிலிருந்து சொல்கிறாள். மேலே ஏறினால் மரநாய் முகத்தில் பாயுமே! துப்பாக்கி தேர்ந்தெடுப்பது அதைவிடப் பத்திரமான வேலை.

"இருபத்திரண்டு ரைபிள் வாங்குனா என்ன?" என்றாள் சத்தியபாய்.

"சின்னத் தோட்டா, ஏட்டி. சாவாம நம்ம மேல பாயும்."

"அப்பம் பன்னிரண்டு போர் தோக்கு?"

"மரநாயோட கூரையும் போவும்."

"ஏர்கன்?"

"அது காக்கா வெரட்ட."

"அப்பம் மரநாய்க்கு அளவெடுத்துத்தான் தைக்கணும்."

சனிக்கிழமை சாயங்காலம் ரசலையன் வீட்டுக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேசைமேல் சாக்கு சுற்றிய துப்பாக்கி. கறுத்த குழல் நேராக அவர் வயிற்றைப் பார்த்தது.

"எங்க யோவான் அண்ணன் குடுத்துவிட்டாரு" என்றாள் சத்தியபாய். " பன்னிரண்டு போர். தோட்டா போட்டு வச்சிருக்கு. தோள்ல ஒறப்பா புடிக்கணுமாம், இல்லேன்னா எலும்பு போயிருமாம். எடுங்க. கிரேசியும் மதில்ல நின்னு பாக்கா."

அடுத்த வீட்டுக் கிரேசி கையசைத்தாள். மச்சில் தடதடவென்று ஓட்டம். ரசலையன் குழலுக்கு எதிரே நிற்காமல் ஒதுங்கினார்.

"ஒரு உயிரக் கொல்லுகது பாவமில்லியா, சத்தியம்?"

"நேத்து கோழிக்கறி திங்கும்பம் தோணல்லியா?"

"ஓட்ட அடைச்சா அது தன்னால போவும்லா?"

"ஏணி சாத்தி வச்சாச்சு."

கர்த்தரே என்று ஏறினார். துப்பாக்கியா மரநாயா என்றால், மரநாய்க்குச் சத்தமாவது குறைவு. தலையை நுழைத்ததும் ஏதோ மயிர் கன்னத்தில் உரசியது. அவர் அலறிய அலறலில் மரநாய் ஓட்டின் சந்து வழியே பாய்ந்து பலாமரத்துக்குப் போய்விட்டது. விலகிய ஓட்டைச் சரிசெய்துவிட்டு இறங்கினார். இறங்கியதும் தைரியம் வந்தது.

"பாத்தியா? தோக்கு இல்லாமலே வெரட்டியாச்சு. அதத் திருப்பிக் குடுத்துரு. ஆனா நல்ல கனத்த உருக்குக் குழல். எனக்குப் பாத்தாலே தெரியும்."

சத்தியபாய் அதை இரண்டு விரலால் தூக்கிக் கதவு மூலையில் துடைப்பத்தோடு சாத்தினாள்.

"கிறிஸ்மஸ் நாடகத்துக்கு அண்ணன் கனமில்லாத முருக்கமரத் தடியில செஞ்சு கரி தேச்சது. நீங்க தொடமாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் கேட்டு வாங்குனேன்."