நூற்றுப்பன்னிரண்டாம் படிக்கு வராத குரல்கள்

அன்புள்ள தணிகைமணி பாவாவுக்கு, திருத்தணியிலிருந்து உங்கள் மைத்துனன் தேசப்பன் எழுதுவது. பொதட்டூர்பேட்டையில் நீங்களும் பூவம்மாள் அக்காவும் நலம், தறியும் நலம் என்று நம்புகிறேன்.

திங்கள் காலை பத்தேகால் மணி நிலவரம்: உங்கள் இருவர் குரலும் இதுவரை கேட்கவில்லை. தகவல் தந்தது என் மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டர். முப்பத்தொரு வருடம் நிருபராக இருந்தவன், மூன்று முறை சரிபார்த்த பிறகே எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் உடனே அக்காவிடம் கொடுத்துவிடுவீர்கள், அக்கா "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடும்.

டிசம்பர் 31 படித் திருவிழாவில் நம் குழு படிக்கு ஒரு பாட்டாகப் பாடி மலையேறும்போது, நூற்றுப்பன்னிரண்டாம் படி நம் மூவருடையது. இந்த வருடம் எனக்கு முட்டி, உங்களுக்குக் கண் ஆபரேஷன். அதனால் அவரவர் வீட்டில் பாடி ஃபோனில் அனுப்புவது, நான் ஒன்றாகச் சேர்ப்பது, மைக் செட் பரணிதரன் அதை அந்தப் படியில் போடுவது என்று ஏற்பாடு. அவரே ஒரு சாஃப்ட்வேரையும் ஏற்றிக்கொடுத்தார். குரலுக்கு ஒரு டிராக். எல்லா டிராக்கும் மாஸ்டர் என்ற ஒரே வாய்க்காலில் போய் விழவேண்டும். விழவைத்தேன், பாவா. உங்கள் டிராக்கைத் திருப்பினேன், அக்காவுடையதைத் திருப்பினேன், சத்தம் கூட்டும் பட்டைகளை உச்சிவரை தள்ளினேன், ஹெட்ஃபோனை மாற்றினேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், அப்போதும் கேட்டது என் குரல் ஒன்றுதான். திரையில் உங்கள் கோடு ஏறி இறங்குகிறது, காதில் ஒன்றுமில்லை. வாயை மட்டும் அசைத்தீர்களா?

பரணிதரனுக்கு அனுப்பினேன். "இன்னா சார், மூணு பேர்னு சொல்லிட்டு நீ ஒருத்தனே பாடிகினு கீற?" என்றார்.

"சொந்தக்காரங்க அப்படித்தாம்பா."

"வுடு சார். படியில நின்னு யாரு எண்ணப் போறாங்க?"

நான் எண்ணுவேன். என் வீட்டுக்காரி கன்னியம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் சத்தம் போடுவது நானும் குக்கரும்தான். பாட்டிலாவது மூன்று பேர் இருப்போம் என்று நினைத்தேன். போகட்டும். என் ஒரு குரலையே கொடுத்துவிடுகிறேன். அடுத்த வருடம் அந்தப் படியை வேறு யாருக்காவது விட்டுவிடலாம்.

பெரியவர்களுக்கு நான் ஆசி சொல்வது முறையில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விட்டுக்கொள்ளுங்கள்.

தேசப்பன்

பி.கு.: திருத்தம். பிற்பகல் மூன்று மணி. என் இருமலை வெட்டுவதற்காக, என் டிராக்கை மட்டும் கேட்கவைக்கும் பொத்தானைப் போன வாரம் நானே அமுக்கியிருக்கிறேன், விடுவிக்க மறந்தேன். விடுவித்ததும், உச்சியில் தள்ளிய பட்டைகளோடு நீங்கள் இருவரும் பாடியதில் வீடே அதிர்ந்தது. எதிர்வீட்டு நிர்மலா ஓடிவந்து, "யாரு சார் வந்துகீறாங்க?" என்று கேட்டார். "எங்க அக்காவும் பாவாவும்" என்று சொல்லிவிட்டுப் பட்டைகளை இறக்கினேன்.

பாட்டு முடிந்தும் நீங்கள் ஃபோனில் பதிவை நிறுத்தவில்லை. நாலாவது நிமிடம் பன்னிரண்டாவது விநாடியில் அக்கா: "அவன் ஒண்டியா இன்னாத்த ஆக்கித் துன்றானோ. சனிக்கெழம காலீல போயி நாலு நாள் இருந்துட்டு வரலாமா?" நீங்கள்: "ஆங், பாக்கலாம்."

மேலே எழுதிய அனைத்தும் வாபஸ். எந்தச் சனிக்கிழமை என்று பதிவில் இல்லை. போன சனிக்கிழமை யாரும் வரவில்லை என்பதை நானே உறுதிப்படுத்துகிறேன். எனவே வரும் சனி எட்டரை மணி பஸ்ஸுக்கு ஸ்டாண்டில் நிற்பேன்.