எடைமேடையைப் பிடித்த பிசாசு

மந்திரவாதி சிப்ரியானோ வருகிறார் என்றதும் கரும்பு லாரிக்காரர்கள் இருபது பேரும் தொப்பியைக் கழற்றினோம். வெட்கத்தோடு சொல்கிறேன், அதில் நானும் ஒருவன். எங்கள் வெராக்ரூஸ் சர்க்கரை ஆலையின் எடைமேடையைப் பிசாசு பிடித்திருந்தது. பிசாசுக்கும் கரும்பு பிடிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். தூசு ஆகாதென்று கணினியை மாடி அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். கீழே எடைக் கூண்டில் இருந்தவை திரை, கீபோர்டு, மவுஸ் மட்டும். இந்த மூன்றின் வயர்களும் திரைக்குப் பின்னால் இருந்த சோப்புக்கட்டி அளவுப் பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டியிலிருந்து மாடிக்கு ஒரே ஒரு நீளக் கேபிள். திடீரென்று திரை கறுத்துவிடும், மவுஸும் செத்துவிடும். உடனே லாரி வரிசை நிற்கும். வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்து எடை இழக்கும்.

கூண்டில் எடை போடும் நொயேமி வேலையில் இருக்கும்போது மட்டும்தான் இப்படி ஆகும். அவள் இடது கைக்காரி. மந்திரவாதிகளுக்குப் பேர்போன கத்தெமாக்கோ ஊரிலிருந்து வந்த சிப்ரியானோவுக்கு இது போதாதா? ஆலையில் முன்பு பாய்லர் வெடித்துச் செத்தவனின் ஆவி மாடியிலிருந்து அவளுடைய இடது கை வழியாக இறங்குகிறது என்று அடித்துச் சொன்னார்.

இரண்டு வாரத்தில் மூன்று தடவை வந்தார். சாராயத்தை வாயில் ஊற்றித் திரைமேல் துப்புவார். முட்டையால் திரையைத் தடவுவார். பிறகு எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போவார். திரை மறுபடி ஒளிரும்! பெட்டியைச் சிவப்புத் துணியால் கட்டி, தொட்டவன் கை விளங்காது என்பார். நாங்கள் ஆளுக்கொரு சேவலைக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்து தழையால் அடி வாங்குவோம். முதல் அடி மேலாளர் உர்பானோவுக்கு. அவர் எஞ்சினியர். படித்த பட்டம் சுவரில் தொங்கியது, தலை தழைக்கு அடியில் தொங்கியது.

நான்காவது தடவை தீர்ப்பே வந்துவிட்டது. நொயேமியை வேலையைவிட்டு அனுப்பினால்தான் ஆவி போகுமாம். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள். மேலாளர் தலையாட்டினார். நாங்களும் ஆட்டினோம், த்தூ.

அவள் அழவில்லை. கறுத்துக் கிடந்த திரையைக் காட்டினாள்.

"போறேன் ஐயா. அதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்தத் தடவை அவர் முன்னாடியே நின்னு மந்திரம் சொல்லட்டும். ரெண்டு கையும் எங்க கண்ணுல படணும்."

"பின்னாடி போனாத்தாம்மா ஆவி அடங்கும்" என்றார் சிப்ரியானோ.

"மாடியிலேர்ந்து இறங்கி வர்ற ஆவிக்கு, ஒரு அடி முன்னாடி வரத் தெரியாதா?"

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மறுக்க வழியில்லாமல் மந்திரவாதி இரு கையாலும் முட்டையைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். ஒரு புனிதர் பாக்கியில்லாமல் கூப்பிட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. அவருக்கு வேர்த்தது, திரை கறுத்தே கிடந்தது.

நொயேமி போய்ச் சிவப்புத் துணியை அவிழ்த்தாள். நாங்கள் பின்வாங்கிச் சிலுவை போட்டுக்கொண்டோம். அவள் கை நன்றாகவே விளங்கியது. கேபிள் முனையைப் பெட்டியில் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, முனை பாதி வெளியே வந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். திரை ஒளிர்ந்தது.

பிறகு மேலாளரை உட்காரவைத்து, மவுஸை இடது பக்கம் இழுக்கச் சொன்னாள். மவுஸ் வயர் குட்டை. இழுத்த இழுப்பில் பெட்டி நகர்ந்தது, முனை நழுவியது, திரை கறுத்தது.

"ஐயா கையிலயும் பிசாசு இறங்கிருச்சு போல" என்றாள்.

பின்னால் போய் சிப்ரியானோ செய்ததெல்லாம் அந்த ஒரு அழுத்துதான். உடைந்ததை முதல் நாளே பார்த்தவர். சொல்லியிருந்தால் சேவல் ஏது? ஆவி தன் சக்தியால் போய்விட்டது என்று முனகிக்கொண்டே நழுவினார். விட்டுப்போன முட்டையைப் பொரித்துத் தின்றோம். ஆவி வாசனை ஏதும் இல்லை.

மறுநாள் மின்சாரக்காரர் கேபிளுக்குப் புது முனை போட்டார், நீள வயர் உள்ள மவுஸும் வந்தது. நொயேமி இடது கையாலேயே என் லாரியை எடை போட்டாள். கரும்பு காய்ந்து எடை குறைந்திருந்தது. சீட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"தழையடி வாங்கக் குனிஞ்சீங்களே அண்ணே, அதே மாதிரி மேசைக்குப் பின்னாடி குனிஞ்சிருந்தா என்ன?"

சீட்டை வாங்கிக்கொண்டேன். நீங்கள் கடைசியாக எங்கே குனிந்தீர்கள்?