சிப்பாய் சாப்பிடவில்லை

திருவொற்றியூர்
1954, மாசி

அன்பு மகள் குணசுந்தரிக்கு, உன் அப்பா எத்திராஜ் தன் கையாலேயே எழுதுவது. பழவேற்காட்டில் நீயும் மருமகன் ஜெயவேலும் நலமாயிருக்க அம்மன் துணை. இங்கே நான், உன் அண்ணன் தாமோதரன், அண்ணி மங்கை மூவரும் சுகம். நம் நாய் சிப்பாய்க்குத்தான் சுகமில்லை. கையெழுத்து என்னுடையதுதான், சந்தேகப்படாதே. காசிமேட்டுப் படிப்பகத்தில் கருணாகரன் வாத்தியார் சொல்லிக் கொடுத்தது. ஒரு வரிக்கு ஒரு வெற்றிலை ஆகிறது. ஆனாலும் யாரையும் கெஞ்சாமல் நானே உன்னோடு பேசுகிறேன் பார், அதில் ஒரு தனி சந்தோஷம்.

விஷயம் இது. அண்ணனுக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால், கட்டுமரத்தைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டு, காசிமேட்டிலிருந்து கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் இந்த லைன் வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. ஆறு நாளாக அது தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடவில்லை. மீன் குழம்பு ஊற்றிச் சோறு வைத்தேன், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தட்டு பிடிக்கவில்லையோ என்று பழைய சட்டியில் வைத்தேன், அதைப் பக்கத்து வீட்டுக் கோழி தின்றது. அண்ணன் காசிமேட்டுக்கே சைக்கிளில் போய் ஒரு மூட்டை மணல் கொண்டுவந்து கொட்டினான். அதில் ஏறிப் படுத்துக்கொண்டு வாசலையே பார்க்கிறது. மணல் பாதி வீட்டுக்குள் வந்து சோற்றில் கடிபட, "நாயி துன்னாத சோத்த நாங்களும் துன்னக்கூடாதா மாமா?" என்று மங்கை கேட்டாள். பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா நல்ல மனுஷி. "புது வூடுன்னா அதுக்குப் பயமா இருக்கும் பெரியவரே. நீங்க பக்கத்துலயே குந்திகினு இருங்க, ஒரு நிமிசம் வுட்டுப் பிரியாதீங்க" என்று வந்த அன்றே சொன்னாள். அப்படியே செய்தேன். அன்றிலிருந்து நான் வாசற்படி தாண்டவில்லை. அது எழுந்தால் எழுகிறேன், அது கொட்டாவி விட்டால் எனக்கும் வருகிறது. "எனக்கு ஜொரம் வந்தப்போ உங்க புள்ள இதுல பாதி நேரங்கூட குந்தல" என்கிறாள் மங்கை. சிப்பாயோ என் முகத்தைப் பார்க்கிறது, வாசலைப் பார்க்கிறது, மறுபடி என் முகத்தைப் பார்க்கிறது. விலா எலும்பை எண்ணலாம் போலிருக்கிறது.

நேற்று அண்ணன் சொல்லிவிட்டான்: "நைனா, வச்சிகினு இருந்தா செத்துடும். தங்கச்சிகிட்ட குடுத்துடு. அங்க கடலாச்சும் கீது."

அவன் சொல்வது நியாயம்தான். உன் அம்மா போன பிறகு என்னோடு கூடவே இருந்தது இது ஒன்றுதான். அதற்காக அதைப் பட்டினி போட்டுச் சாகவிட முடியுமா? வருகிற வெள்ளிக்கிழமை நீயும் மருமகனும் வந்து அழைத்துப் போங்கள். நான் அழமாட்டேன். அழுதாலும் நீ கண்டுகொள்ளாதே.

உன் வீட்டில் உலை எந்நாளும் கொதிக்கட்டும். மருமகன் வலை கனத்து வரட்டும்.

இப்படிக்கு,
அப்பா எத்திராஜ்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை வரவேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. இன்று காலை இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போனேன். விடுமுறையாம், பூட்டியிருந்தது. என் கையால் எழுதிய முதல் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை, ஆள் கையில் கொடுக்கவேண்டும் என்று திரும்பிவிட்டேன். வெயில் ஏறிவிட்டது. தெருமுனையில் என்னைக் கண்டதும் சிப்பாய் பறந்து வந்து வேட்டியைப் பிடித்து இழுத்து, வீட்டுக்குள் ஓடி, முழுச் சட்டியையும் காலி செய்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு வருஷமாக நான் விடியலில் கடலுக்குப் போய், வெயில் ஏறக் கரை திரும்பி, கட்டுமரத்தின் கட்டைகளை அவிழ்த்துக் காயப்போட்ட பிறகுதானே அது சாப்பிடும்! இங்கே நான் போகவும் இல்லை, வரவும் இல்லை. கூடவே உட்கார்ந்து அதைப் பட்டினி போட்டவன் நான்தான்.

நாளை விடிந்ததும் கிளம்பிவிடுவேன். எங்கே போவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.