லேண்ட்மாஸ்டர் மாப்பிள்ளையின் சிவப்புக் கார்

அச்சிமுகம்மது முப்பத்தொரு வருசமாக ஒரு வாகனத்தின்மேல் கோபமாக இருந்தார்.

அவருடைய கலியாணத்தன்று மாப்பிள்ளையைக் கூட்டிவரக் கார் அனுப்புவதாகச் சொன்னவர், பெண்ணின் காக்கா, அதாவது அண்ணன், மசூர் முதலாளி. வந்தது லேண்ட்மாஸ்டர். வயல் உழுகிற, கையால் பிடித்து ஓட்டுகிற, சில்லு என்கிற சக்கரம் இரண்டே உள்ள லேண்ட்மாஸ்டர். பின்னால் கொழுவின பெட்டியில் காலையில் மீன் ஏற்றின ஈரம் இன்னும் காயவில்லை. உட்கார்ந்தால் இடுப்புச் சாறன் நனைந்துவிடும். அதனால் தொப்பியும் மாலையுமாக நின்றுகொண்டே, கல்முனைக் கடைத்தெரு முழுக்க 'டக் டக் டக்' என்று குலுங்கிப் போனார் மாப்பிள்ளை.

"கார் பழுதாப் போச்சு மச்சான்" என்று மசூர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அச்சிமுகம்மது இன்றைக்கும் பல்லுப் பல்லாக எண்ணிச் சொல்லுவார்.

அன்று விழுந்த பட்டம், 'லேண்ட்மாஸ்டர் மாப்பிள்ளை'. பேரப்பிள்ளை கண்ட பிறகும் அது போகவில்லை. தபால்காரருக்கும் அந்தப் பெயரைச் சொன்னால்தான் வீடு தெரியும்.

இப்போது மசூரின் கடைசி மகள் ஸப்னாவுக்குக் கலியாணம். நாள் குறித்த செய்தி வந்ததும் அச்சிமுகம்மது சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"ஆமினா! உன்ட காக்காட வாசல் கேற்றடியில நான் கார்ல போய் இறங்குவன். ஊரே பாக்கக்குள்ள!"

"மொதல்ல கையக் கழுவுங்க" என்றார் அவருடைய மனைவி ஆமினா உம்மா.

பத்தாம் நாள் பொத்துவில் பக்கத்திலிருந்து அவர் விலைக்கு வாங்கின கார் வந்தது. வெள்ளைக்காரர் பக்கத்தில் நின்று படமெடுக்கவென்று ஒரு ஹோட்டல்காரர் வைத்திருந்தது. வெளியே பந்தயக் கார் மாதிரி வழுவழுவென்ற பைபர் உடம்பு. உள்ளே முப்பத்தைந்து வருசத்துப் பழைய பீட்டில் கார். கூரை இல்லை. சீட் இரண்டே இரண்டு. ஒரு காலத்தில் சிவப்பு. வெயில் குடித்துக் குடித்து, இப்போது நன்னாரிச் சர்பத் நிறம்.

அச்சிமுகம்மதுவுக்குச் சந்தோசப் புழுகம் தாங்கவில்லை. காரை மூன்று தரம் சுற்றி வந்தார்.

"இது என்ன கார்?" என்றார் ஆமினா உம்மா.

"றெப்ளிக்கா."

"கா இரிக்கட்டும். றெப்ளி எண்டா என்ன?" பெண்களைக் கூப்பிடுகிற 'கா' என்று நினைத்துவிட்டார்.

"அடியேய், பேரே றெப்ளிக்காதான்! பாத்தா ஒரிஜினல் மாதிரியே இரிக்கும். ஒரிஜினல் இல்ல."

"அப்ப நடிப்புக் கார்."

"ஸ்போர்ட்ஸ் கார்!"

ஆமினா உம்மா முன்மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு மாற்றுச் சில்லு மட்டும் கிடந்தது.

"அல்லாஹ்வே! இஞ்சினக் களட்டிட்டானுகள்!"

"பின்னுக்கு இரிக்கி கா, பின்னுக்கு!"

"இஞ்சின் பின்னுக்கு, புத்தி அதுக்கும் பின்னுக்கு" என்று சொல்லி, ஒரு காலை உள்ளே வைத்து உட்காரப் பார்த்தார். கீழே கீழே இருந்துகொண்டே போனார். சீட் வரவில்லை. கடைசியில் தொப்பென்று விழுந்தார். "இது காரா, பாயா? நான் எழும்பணுமெண்டா ரெண்டு பேர் வேணும். இஞ்ச பாருங்க, காக்காட கலியாண வீட்டுல இந்த வம்பு வேணாம். இந்தக் கார் அவர்ர கேற்றடிக்குத் தானாப் போகாது."

"போகும்!"

"போகாது."

மறுநாளே கார் றிபாஸின் கராஜுக்குப் போனது. றிபாஸ் நாற்பது வயசுக்காரர். பேச்சு குறைவு, பெயின்ற் வேலையில் மன்னன். சர்பத் நிறம் போய்ப் பச்சை மிளகாய் பழுத்த சிவப்பு வந்தது. அகலமான சில்லு வந்தது. சைலன்சரில் அவர் என்னவோ வெட்டி ஒட்ட, தூரத்து நிந்தவூரில் மாடு மிரளுகிற சத்தம் வந்தது. ஒவ்வொரு நாளும் அச்சிமுகம்மது போய், "இன்னும் பதிச்சுப் போடு தம்பி, இன்னும்!" என்று நின்றார். பந்தயக் கார் என்றால் நிலத்தை நக்கிக்கொண்டு போகவேண்டும் என்று எங்கேயோ பார்த்திருந்தார்.

"காக்கா, போதும். அடியில தட்டும்."

"மசூர்ர வயிறு தட்டுற வரைக்கும் பதி!"

ஒருநாள் ஆமினா உம்மாவும் வந்தார். வேலை எதையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, இதுக்கும் நிலத்துக்கும் எவ்வளவு இடைவெளி?"

றிபாஸ் நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார். ஆமினா உம்மா அந்த நாலு விரலையும் நன்றாகப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இந்த இடத்தில் ஒழுங்கையைப் பற்றி, அவர்கள் இருந்த அந்தச் சின்னத் தெருவைப் பற்றிச் சொல்லவேண்டும். அச்சிமுகம்மது இருந்தது ஆமினா உம்மாவின் சீதன வீட்டில். அதனால் கோபத்தைக்கூட அவர் கேற்றுக்கு வெளியே நின்றுதான் கொண்டாடுவார். வீடு ஒழுங்கையின் கடற்கரை முடிவில். அங்கால் மணல். இங்கால் மெயின் றோட்டுத் தொடக்கத்தில் மசூரின் வீடு. மசூர் விடியற்காலையில் தன் கடற்கரை மீன்வாடிக்கு மோட்டார் சைக்கிளில் பறப்பார். இரண்டு வருசத்துக்கு முந்தி, ஒரு ஜும்ஆ நாளில், அந்தச் சைக்கிள் அச்சிமுகம்மதுவின் வெள்ளைச் சாறனுக்குச் சேறு அடித்தது. உடனே வேகத்தடை கேட்டு மாநகர சபைக்கு ஒரு கடிதம் தயாரானது. எழுதியது ஆமினா உம்மா. முழுக்கையொப்பம் வைத்தது அச்சிமுகம்மது. கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பும் ஆமினா உம்மாவுக்குத்தான்.

"குடுத்திட்டியா?" என்று பிறகு ஒருநாள் கேட்டார்.

"குடுக்கத்தானே வேணும்" என்றார் அவர்.

கார் மினுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள், ஒழுங்கையில் தார் வாசம் அடித்தது. அச்சிமுகம்மது எட்டிப் பார்த்தார். அவருடைய கேற்றைத் தாண்டி, மெயின் றோட்டுப் பக்கமாக நாலைந்து வேலையாட்கள் குறுக்கே கயிறு கட்டி நின்றார்கள்.

"என்ன வேலை?"

"வேகத்தடை. அச்சிமுகம்மது எண்டு ஒரு ஆள் கேட்டிரிக்கார்."

"நான்தான்! நான்தான் அந்த ஆள்!"

சந்தோசத்தில் கையிலிருந்த கார் துடைக்கும் துணியாலேயே முகத்தைத் துடைத்தார். கதிரை போட்டு இருந்து வேலையை நடத்தினார்.

"இன்னும் உசத்துங்க!"

"இவ்வளவுதான் ஐயா வழமை."

"வழமையெல்லாம் நல்ல மனிசருக்கு. இந்த ஒழுங்கையால போற ஆளுக்குக் காணாது. சைக்கிள் துள்ளணும். ஆளும் துள்ளணும். தொப்பி தனியாத் துள்ளணும்!"

வேலையாட்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு தட்டுத் தார் போட்டார்கள். ஆமினா உம்மா ஆளுக்கொரு கோப்பை தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் கொடுத்தார். அச்சிமுகம்மதுவுக்கு இரண்டு துண்டு. அப்போதாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

கலியாண நாள். கறுப்புக் கண்ணாடி, விருந்துக் கலரிக்குப் போகிற சட்டை, அரை போத்தல் அத்தர். மாப்பிள்ளை வருவதற்கு அரை மணி இருக்கையில் அச்சிமுகம்மது காரை முடுக்கினார். காகங்கள் எழும்பின. ஒழுங்கைச் சனம் வாசலுக்கு வந்தது.

"ஏறு ஆமினா!"

"நீங்க முன்னுக்குப் போங்க. மெள்ளப் போங்க."

"ஸ்போர்ட்ஸ் கார் மெள்ளப் போகாது!"

கேற்றைத் தாண்டினார். முன்சில்லு வேகத்தடையில் ஏறியது, இறங்கியது. பிறகு காரின் வயிறு வந்து குந்தியது. 'கறக்' என்றது. பின்சில்லு இரண்டும் காற்றில் சுற்றின. கீழே இஞ்சின் எண்ணெய் கறுப்பாக ஓடியது. காகங்கள் திரும்பி வந்து அமர்ந்தன.

"ஆர்ரா இதக் கட்டினவன்!" என்று கத்தினார்.

"கையொப்பம் உங்கடதானே" என்றார் பின்னால் வந்த ஆமினா உம்மா. "ரெண்டு வருசமா அலுமாரிக்குள்ள பத்திரமா வச்சிருந்தன். போன கிழமைதான் குடுத்தன். ஆனா அந்த ரெண்டாம் தட்டு உங்கட சொந்த வேலை."

அச்சிமுகம்மது காருக்குள்ளிருந்து குனிந்து இரண்டாம் தட்டைப் பார்த்தார். அந்த நேரம்பார்த்து ஒழுங்கை முனையில் ஒரு சத்தம்.

டக். டக். டக்.

"கலியாணத்துக்கு வட்டிலப்பம் ஏத்தக் காக்காட்ட வண்டி கேட்டிருந்தன்" என்றார் ஆமினா உம்மா. "கயிறும் கொண்டரச் சொன்னன்."

அதே லேண்ட்மாஸ்டர். பெயின்ற் கூட மாறவில்லை. நாலு பேர் காரைத் தூக்கி இறக்கினார்கள். கயிறு கட்டினார்கள். ஆமினா உம்மா பெட்டியில் பாய் விரித்து, வட்டிலப்பச் சட்டிகளுக்கு நடுவில் காலை நீட்டி வசதியாக இருந்தார். பின்னால் சிவப்புக் காரில், சுக்கானைப் பிடித்தபடி, கறுப்புக் கண்ணாடியோடு அச்சிமுகம்மது இழுபட்டு வந்தார்.

கலியாண வீட்டு வாசலில் றபான் முழங்கியது. "மாப்பிள்ள வந்திட்டாரு! சிவப்புக் கார்ல!" என்று பிள்ளைகள் கூக்குரல் போட்டார்கள். மசூர் முதலாளி அவசரமாக மாலையோடு ஓடிவந்தார்.

ஆமினா உம்மா பெட்டியில் இருந்தபடியே கையை உயர்த்தினார்.

"மாலைய உள்ளுக்க வைங்க காக்கா. இது ஒரிஜினல் மாப்பிள்ள இல்ல, றெப்ளிக்கா."