முள்ளுக்குள் நின்ற அப்பா

பிள்ளை தன் காலில் நிற்க வேண்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, அந்தக் காலை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் அப்பாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் எங்கே போவீர்கள்! மே மாதம் பிறந்தால் போதும், கோடைக்கால முகாம் நோட்டீசும் கையுமாக இந்த இனம் நடமாடத் தொடங்கிவிடும். "வீட்டுக்குள்ளயே வளத்தா புள்ள எப்படித் தேறும்?" என்று கேட்கும். முதல் ஆளாகப் போய்ச் சேர்க்கும். சேர்த்த மறுநாளே முகாம் வாசலில் நிற்கும்.

தாயில்பட்டி மாரிக்கண்ணன் இந்த இனத்தில் அசல். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பத்தாவது எழுதியிருந்த மகள் ஓவியா, "ப்ளஸ் ஒன் மதுரையில ஹாஸ்டல்ல இருந்து படிக்கேம்ப்பா" என்றதும் மனிதருக்கு வியர்த்துவிட்டது. மறுக்க மனசில்லை, சம்மதிக்கத் தைரியமில்லை. விருதுநகர் பக்கம் சூலக்கரையில் ஞானசீலன் வாத்தியார் நடத்தும் பத்து நாள் வாழ்க்கைத் திறன் முகாமில் கொண்டுபோய் விட்டார். "கடைசி நாளு ஒத்தையா பஸ் ஏறி வீடு வந்து சேரணுமாம்ல. வந்து காட்டு தாயி, பெறகு ஹாஸ்டலு" என்றார்.

பட்டன் தைக்கச் சொல்லிக்கொடுத்த அன்று, மகள் விரலில் ஊசி குத்துமே என்று, பட்டன் தைத்து முடித்த சட்டையோடு போய் நின்றார். உப்புமா கிண்டச் சொல்லிக்கொடுத்த அன்று, கம்பெனியில் வைப்பதுபோலவே அடுப்புக்கு இரண்டு பக்கமும் மணல் வாளி வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். மேடைப் பேச்சு அன்று அவள் வாயைத் திறக்குமுன் இவர் கைதட்டினார். "என்ன போர்மேன், இம்புட்டு தூரம்?" என்று வாத்தியார் கேட்டால், "சும்மா இந்தப் பக்கமா வந்தேன் சார்" என்பார். தாயில்பட்டிக்காரருக்குச் சூலக்கரை எந்தப் பக்கம்?

ரொம்பச் சிரிக்காதீர்கள். ஓர் உராய்வு போதும், கூரை இருக்காது என்பது தெரிந்து, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே நாற்பது பேரை இருபது வருசமாக மாலையில் முழுசாக வீட்டுக்கு அனுப்பிவைக்கிற மனிதர். பயப்படுவதுதான் அவர் வேலை. மகள் விஷயத்தில் மட்டும் அதற்கு லீவு கொடுக்க முடியுமா?

கடைசி நாள் வந்தது. வாத்தியார் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்: 'வழியில் சந்தித்த சிக்கல் என்ன? எப்படிச் சமாளித்தாய்?' கீழே பெற்றோர் கையெழுத்து. ஓவியா விருதுநகரில் பஸ் ஏறி, சிவகாசியில் இறங்கி, விசாரித்து, தாயில்பட்டி டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சிவகாசி பஸ் ஸ்டாண்டில் காலையிலிருந்தே காத்துக்கிடந்த மாரிக்கண்ணன், பச்சைத் துண்டால் முக்காடு போட்டுக்கொண்டு மொபெட்டை முறுக்கினார். பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றது. இவர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒளிந்தார். டீக்கடை, மரம், சுவரொட்டி ஒட்டிய சுவர் என்று எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு ஸ்டாப்பில் மிளகாய் மூட்டை இறக்க நேரம் பிடித்தது. கடையும் இல்லை, மரமும் இல்லை. கருவேலம் புதர்தான் இருந்தது. வண்டியோடு உள்ளே போனார். பின் டயர் புஸ்ஸென்று உட்கார்ந்தது.

"அண்ணே, எடுத்துராதீக. எங்கப்பா நிக்காக" என்றாள் ஓவியா.

"எங்கனம்மா?" என்றார் கண்டக்டர்.

"அந்தா, முள்ளுக்குள்ள."

பஸ்ஸே எட்டிப் பார்த்தது. ஓவியா இறங்கிப் போனாள்.

"இங்கன என்னப்பா செய்றீக?"

"லோடு வருதான்னு பாக்க வந்தேன்."

"முள்ளுக்குள்ளயா?"

அவர் முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். ஓவியா, மூட்டை இறங்கிய இடத்தில் மொபெட்டை ஏற்ற கண்டக்டரிடம் பேசி, இரண்டு பேரைக் கைபிடிக்க வைத்து, "ஒரு தாயில்பட்டி, ஒரு லக்கேஜு" என்று டிக்கெட் வாங்கினாள். அப்பாவைக் கையைப் பிடித்து ஏற்றினாள். "மெதுவா ஏறுங்க. மெதுவா." தன் சீட்டில் உட்காரவைத்து, அவர் உள்ளங்கையில் தைத்திருந்த முள்ளை எடுத்துவிட்டாள். அந்தக் கூட்டத்துக்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தாளை நிரப்பி நீட்டினாள். சிக்கல்: 'அப்பா.' சமாளித்த விதம்: 'டிக்கெட் எடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.' மாரிக்கண்ணன் இரண்டு தடவை படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "ஹாஸ்டலுக்குப் போயிட்டு வா தாயி" என்றார்.

சொன்ன சொல்லை மீறவும் இல்லை. அந்த ஹாஸ்டலுக்கு எதிரே ஏதாவது பட்டாசுக் கடையில் ஆள் தேவையா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். இதைப் படித்து முடித்ததும் மகளைக் கூப்பிட்டு, "நீயே படி" என்று கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாக விரல் வைத்துக் காட்டுகிற ஆள் நீங்கள் இல்லைதானே? எதற்கும் உங்கள் உள்ளங்கையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், முள் கிள் இருக்கப்போகிறது.