அரை வாக்கியக்காரர்

“மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அன்பு உறுப்பினர்களே! நான் இன்றைக்கு உங்கள் முன்னால்...”

அவ்வளவுதான். கண்ணாடிக்கடைக்காரர் நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டு, முகத்தை லேசாகச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார்.

எதற்குக் காத்திருக்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடக் கூடாது என்பது அந்தப் பேச்சுப் பயிற்சி மன்றத்தில் கறாரான சட்டம். மாடி அறையில் மின்விசிறி மட்டும் கடகடவென்று தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. நேரம் பார்ப்பவர் பச்சை அட்டையைத் தூக்கினார், மஞ்சளைத் தூக்கினார், ஏழாவது நிமிடம் சிவப்பையும் தூக்கிவிட்டார். மனிதர் சாய்ந்த முகத்தோடு அப்படியே நின்றார்.

“என்ன சார், மறந்து போச்சா?” என்றார் மன்றத் தலைவரான பல் டாக்டர்.

“மறக்கலை டாக்டர். யாராவது முடிச்சு வைப்பாங்கன்னு...”

“பாருங்க, இதைக்கூட முடிக்கலை!”

டாக்டருக்கு என்ன, கொடுத்து வைத்தவர். எதிராளியின் வாயைத் திறந்து வைத்துவிட்டு, பகல் முழுக்கத் தான் மட்டும் பேசிப் பழகியவர். கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக் கதையே வேறு. கல்யாணமான நாள் முதல் அவர் ஒரு வாக்கியத்தைக்கூடக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.

“இன்னைக்குக் கடைக்கு அந்த...”

“வாத்தியார் வந்தாரா? மறுபடியும் கண்ணாடி மேலேயே உக்காந்துட்டாராக்கும்!”

“ஆமா. ஆனா இந்தத் தடவை...”

“பழியைத் தூக்கி மருமகன் தலையில போட்டிருப்பாரு. கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது.”

இதில் கொடுமை என்னவென்றால், மனைவி சொல்வது அத்தனையும் சரியாக இருக்கும். சண்டை போடவும் வழியில்லை.

அதனால்தான், சாயங்காலம் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ரகசியமாக மன்றத்தில் சேர்ந்தார். ஏழு நிமிடம், குறுக்கே ஒரு குரல் இல்லாமல்! நினைத்தாலே இனித்தது. வந்து பார்த்தால், குறுக்கே குரல் இல்லாமல் வண்டியே நகரவில்லை.

“இதோ பாருங்க,” என்றார் டாக்டர். “வர்ற போட்டியிலாவது ஒரு பேச்சை முடிச்சாகணும். இல்லைன்னா உங்க இடம் வேற ஆளுக்கு. நீங்க பின் வரிசையில உக்காந்து கை தட்டலாம்.”

வீட்டிலும் கேட்கிற ஆள், இங்கேயும் கேட்கிற ஆளா? கண்ணாடிக்கடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாளே கடையில் பயிற்சி. கண் பரிசோதனைக்கு வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்து ஓட முடியாதபடி மூக்கில் டெஸ்ட் ஃப்ரேமை மாட்டிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

“வாழ்க்கை என்பது...”

“மங்கலா இருக்கு சார்.”

லென்ஸை மாற்றினார். “உண்மையான மகிழ்ச்சி என்பது...”

“இப்போ ரெண்டு ரெண்டா தெரியுது.”

வாடிக்கையாளரும் முடித்து வைக்க ஆரம்பித்துவிட்டார்! சரி, குறுக்கே ஒரு குரல் இருந்தால்தான் பேச்சு வரும் என்றால், அந்தக் குரலையே கையோடு கொண்டுபோனால் என்ன? அன்று இரவு சாப்பிடும்போது போனைத் தண்ணீர்ச் செம்புக்குப் பின்னால் சாய்த்து வைத்து, மனைவி பேசியதையெல்லாம் பதிவு செய்தார்.

காலையில் அவர் குளித்துவிட்டு வருவதற்குள், பாட்டுக் கேட்கலாமென்று மகள் அந்தப் போனை எடுத்து அழுத்திவிட்டாள். கூடம் முழுக்க அம்மாவின் குரல்.

“அப்பா, இது எதுக்குப்பா?”

“அது வந்து... உங்க அம்மா குரல்...”

“இனிமையா இருக்குன்னா என்கிட்ட நேர்ல சொல்றதுக்கென்ன?” மனைவிக்கு முகமெல்லாம் வெட்கம்.

“இல்லை, ஒரு பேச்சுப் போட்டியில நான்...”

“கலந்துக்கப் போறீங்களா! அப்போ தினம் நடக்கப் போனதெல்லாம் அங்கதானா? செருப்பு புதுசாவே இருக்கேன்னு நானும் பார்த்தேன். போட்டிக்கு நானும் வர்றேன். முன் வரிசையிலதான் உக்காருவேன்.”

கண்ணாடிக்கடைக்காரர் மகள் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“வா. ஆனா சத்தியமா ஒரு வார்த்தை...”

“பேச மாட்டேன். மூச்!”

அந்தச் சத்தியத்தைக்கூட அவளேதான் முடித்தாள்.

போட்டி நாளும் வந்தது. காலையில் கூடும் இன்னொரு கிளையிலிருந்து, தையல்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா நடுவராக வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். முன் வரிசையில் மனைவி, சத்தியத்தைக் காப்பாற்ற வாய் நிறைய மிட்டாயை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என் கடைக்கு ஒரு சின்னப் பொண்ணு வந்தா,” என்று தொடங்கினார் கண்ணாடிக்கடைக்காரர். “அவளுக்கு முதல் முதலா கண்ணாடி மாட்டிவிட்டேன். மாட்டினதும் அவ, தன் அப்பா முகத்தைப் பார்த்து...”

நின்றது. முகம் சாய்ந்தது.

மின்விசிறி கடகடத்தது. யாரோ இருமினார்கள். டாக்டர் பெருமூச்சு விட்டு, பின் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தபடி எழுந்தார். முன் வரிசையில் மிட்டாய் நொறுங்கும் சத்தம் கேட்டது.

“அழுதா!”

மனைவிதான். தாங்க முடியாமல் எழுந்தே நின்றுவிட்டாள்.

கண்ணாடிக்கடைக்காரர் திகைத்துப்போனார். அழுதாளா? இத்தனை வருடத்தில் முதல் முறையாக மனைவி தப்பாக முடித்திருக்கிறாள்!

“அழலை!” என்று அவர் போட்ட சத்தத்தில் டாக்டர் தானாக உட்கார்ந்துவிட்டார். “நீயும் உக்காரு! நடந்தது உனக்குத் தெரியாது, நான் சொல்றேன். அந்தப் பொண்ணு கையை நீட்டி அப்பாவோட மீசையைத் தொட்டுப் பார்த்தா. ‘அப்பா, மீசைன்னா ஒரே கட்டி இல்லையா? தனித்தனி முடியா?’ன்னு கேட்டா. அவ அழலை. அழுதது அவ அப்பா!”

அப்புறம் யார் அவரைப் பிடிப்பது? வருடக்கணக்காகத் தொண்டையில் தேங்கிக் கிடந்த மீதிப் பாதிகள் எல்லாம் மடை திறந்ததுபோல் வந்தன. அவர் பேச்சில் வாத்தியார் வந்தார், அவருடைய மருமகன் வந்தான், சிரித்துச் சிரித்து நேரம் பார்ப்பவர் கையிலிருந்த அட்டை நழுவியது. சிவப்பு அட்டை உயர்ந்ததும் கண்ணாடிக்கடைக்காரர் “நன்றி, வணக்கம்” என்று முழுசாகச் சொல்லி, முழுசாக நிறுத்தினார்.

கைதட்டலில் மாடி அதிர்ந்தது. கோப்பை அவருக்குத்தான்! டாக்டர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். “சார், இனிமே உங்களை நிறுத்துறதுதான் எங்களுக்குப் பாடு!”

கண்ணாடிக்கடைக்காரர் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மனைவியையும் மேடைக்கு இழுத்து வந்தார். “இவங்கதான் என் மனைவி. வீட்டுல என்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விட்டதில்லை!” என்று அதையும் வெற்றிகரமாக முடித்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மனைவி என்னவோ நடுவரம்மாவுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றாள். அந்த அம்மா விடவில்லை. சுற்றி வந்து முகத்தை உற்றுப் பார்த்தார்.

“அட, அக்கா, நீங்களா! ‘இத்தனை வருஷமா அவரு பாதியில விட்டதையெல்லாம் முடிச்சு முடிச்சே, சொந்தமா ஒரு வாக்கியம் ஆரம்பிக்க எனக்கு வரமாட்டேங்குது’ன்னு சொல்லிக்கிட்டு எங்க காலைக் கிளையில வந்து சேர்ந்தீங்களே, அந்த மனுஷன் இவருதானா?”