ஓய்வைப் பற்றிய பக்கம் எங்களுக்கு வந்து சேரவில்லை

பதுளை,
திங்கட்கிழமை காலை.

உடல்நலப் பக்க ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

பிள்ளையார் துணையால் நானும் என் வீட்டாரும் நலம், என் இடது முழங்கால் நீங்கலாக. தாங்களும் தங்கள் அலுவலகத்தில் உள்ள அனைவரும் நலமாயிருக்க வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டேன். தங்கள் பெயர் தெரியாததால் "அந்த ஆசிரியர்" என்றே வேண்டினேன். யாரென்று பிள்ளையாருக்குத் தெரியும்.

என் பெயர் ஞானேஸ்வரி. வயது நாற்பத்தாறு. பதுளைக்குச் சற்றுத் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டத்துக் குவாட்டர்ஸில் குடியிருக்கிறோம். பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு நின்றது, அதற்கு மேல் படித்ததெல்லாம் தங்கள் பத்திரிகைதான். மூன்று வாரத்துக்கு முன் "மீண்டும் ஓட வருவோருக்கு" என்று ஒரு தொடர் தொடங்கினீர்கள். முதல் பாகம் சப்பாத்தும் உடையும், இரண்டாம் பாகம் சாப்பாடு, மூன்றாம் பாகம் ஓய்வு என்று அறிவித்திருந்தீர்கள். முதல் இரண்டும் வந்தன. நேற்றைய இதழிலோ நடுத்தாளே இல்லை. மோட்டார் சைக்கிளில் பேப்பர் கொண்டுவரும் பர்ஹானை இன்று காலை மறித்துக் கேட்டேன். "அக்கா, நான் முழுசாத்தான் தந்தேன், சத்தியமா!" என்றார். "சத்தியமெல்லாம் பண்ணாதீங்க தம்பி, பாவம் சேரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த மூன்றாம் பாகத்தை வரும் ஞாயிறு இதழில் மறுபடி போடும்படி கேட்கவே இந்தக் கடிதம். அதற்கு அடுத்த ஞாயிறு பண்டாரவளையில் பத்துக் கிலோமீற்றர் வீதியோட்டம். நான் பெயர் கொடுத்திருக்கிறேன்.

சிரிக்க வேண்டாம். பதினாறு வயதில் ஹல்துமுல்லைப் பள்ளிக்கூடத்திலிருந்து இதே பண்டாரவளைக்கு ஓட வந்தவள் நான். இரவல் சப்பாத்து. ஏழாவது கிலோமீற்றரில் அதன் அடிப்பாகம் கழன்று எனக்கு முன்னால் ஓடிற்று. தண்ணீர்க் கேன் ஏற்றிய வான் வண்டியில் என்னையும் தூக்கி வைத்தார்கள். வண்டியிலிருந்து பார்த்தால் ஓடுகிறவர்களின் முதுகுகள் மட்டும்தான் தெரியும். முப்பது வருடமாக அரிசி களையும்போதும் அந்த முதுகுகள் எனக்குத் தெரிகின்றன. இந்த முறை எந்த வண்டியிலும் ஏறாமல் பத்தையும் முடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. முதல் பரிசெல்லாம் பிள்ளைகளுக்கே இருக்கட்டும்.

முதல் பாகத்தில் தாங்கள் சொன்னபடி, பாதம் வீங்கியிருக்கும் மாலை நேரமாகப் பார்த்துப் பதுளையில் நப்ரீஸ் அவர்களின் சப்பாத்துக் கடைக்கு நானும் என் கணவரும் போனோம். "மகளுக்கா அக்கா?" என்றார். எனக்கு என்றேன். "அப்ப கோயிலுக்குப் போட்டுட்டுப் போறமாதிரி, லேசாக் கழட்டுறது ஒண்டு காட்டவா?" என்றார். ஓடுவதற்கு என்றதும் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் இரகுநாதன் தோட்டத்துத் தொழிற்சாலையில் இருபத்து நான்கு வருடமாக எழுதுவினைஞர், அச்சில் உள்ளதைத் தவிர வேறெதையும் நம்பாதவர். உடனே தங்கள் பக்கத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்து, "பெருவிரல் நகத்துக்கும் சப்பாத்து நுனிக்கும் நடுவுல ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும்" என்று வாசித்துக் காட்டினார். யாருடைய கட்டைவிரல் என்று தாங்கள் எழுதவில்லை. அவர் தன்னுடையதை வைத்து அளந்தார். அதனால் இப்போது நான் இரண்டு சோடி காலுறை போட்டு ஓடுகிறேன்.

புதுச் சப்பாத்தைப் பூசை போடாமல் எப்படிப் போடுவது? மோட்டார் சைக்கிள் வாங்கியபோது சக்கரத்துக்கடியில் தேசிக்காய் வைத்துப் பூசை செய்தோம், இதுவரை ஒரு கீறல் இல்லை. ஓடுகிறவளுக்குச் சப்பாத்துதானே வாகனம்? கோயில் ஐயரிடம் கேட்டேன். "ஏம்மா, செருப்ப வாசல்லயே கழட்டச் சொல்றவன் நானு. அதுக்கே என்னைய மந்திரம் சொல்லச் சொல்றீங்களா?" என்றார். பெட்டியைத் திறந்து, இன்னும் மண்ணையே பார்க்காத அடிப்பாகத்தைக் காட்டினேன். யோசித்தார். கோயில் மதிலுக்கு வெளியே, வாகனங்களுக்குச் செய்யும் இடத்திலேயே செய்து தருவதாகச் சொன்னார். செய்தும் தந்தார், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி என்றால் தானே உருண்டு தேசிக்காயை நசுக்கிவிடும். இங்கே நான் அல்லவா மிதிக்க வேண்டும்? வலது காய் நசுங்கிற்று. இடது காய் நசுங்காமல் உருண்டது. அதோடு நானும். முழங்கால் அன்றைக்குப் பிசகியதுதான். "விக்கினமெல்லாம் இதோட போச்சும்மா, இனி ரோட்டுல ஒண்ணும் வராது" என்று ஐயர் ஆறுதல் சொன்னார்.

ரோட்டில் பஸ் வந்தது. முதல் நாள் விடிந்ததும், மகள் கேசினியின் விளையாட்டு டீசேர்ட்டைச் சுடிதாருக்கு மேல் போட்டுக்கொண்டு இறங்கினேன். வேலைக்குப் பெயர் பதியப் பெரட்டுக்குப் போகும் பெண்கள், கொழுந்துக் கூடையோடு ஒதுங்கி வழிவிட்டு, "என்னாங்கம்மா, பஸ்ஸ வுட்டுட்டீங்களா?" என்றார்கள். மூச்சிரைக்க இல்லையென்று கையை ஆட்டினேன். நான் கையாட்டியதைத் தூரத்தில் போன பஸ் சாரதி கண்ணாடியில் பார்த்துவிட்டார். எங்கள் பக்கத்துச் சாரதிகள் நல்லவர்கள், மலையில் ஒரு மனிசி ஓடிவந்தால் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். நிறுத்தியதோடு விடாமல் பின்னுக்கும் எடுத்தார். நடத்துனர் இறங்கி, "ஓடாதீங்கக்கா, அதான் நிக்கிறோம்ல! ஏறுங்க, ஏறுங்க!" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். உள்ளே ஒருவர் எழுந்து இடமும் கொடுத்தார். இவ்வளவு செய்த பிறகு, நான் சும்மா ஓடினேன் என்று எந்த வாயால் சொல்வது? பதுளை வரைக்கும் போனேன். ஏற மாட்டேன் என்று நேர்ந்துகொண்டவள் முதல் நாளே வண்டியேறியதை என் கணக்குக் கொப்பியில் "ஓட்டம்: 400 மீற்றர். பஸ்: மிகுதி" என்று உள்ளபடியே எழுதி வைத்தேன். இருபத்திரண்டு வருடமாக வீட்டுக் கொப்பியில் ஓர் எண்ணைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. இப்போது சாரதிகள் பழகிவிட்டார்கள். என்னைத் தாண்டும்போது ஹோர்ன் அடித்து, "இன்னும் ரெண்டு வளைவுதாங்கக்கா!" என்று கத்துகிறார்கள்.

இரண்டாம் பாகத்தில், ஓடும்போது நடுநடுவே குழைவாக ஓர் இனிப்பைச் சிறு பையில் வைத்து உறிஞ்ச வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சாமான் இங்கே கிடைக்காது. கித்துள் பனைப் பாணியைக் கோயில் விபூதிப் பைகளில் ஊற்றி, நுனியை மெழுகுதிரியில் ஒட்டி, இடுப்பில் செருகிக்கொண்டேன். நாலாவது கிலோமீற்றரில் ஒரு பை கசிந்தது. ஒரு தேனீ வந்தது. ஒன்றேயொன்றுதான், ஆனால் அது வேறு வேலை இல்லாத தேனீ. கொப்பியில் பார்க்கிறேன்: மூன்றாவது கிலோமீற்றர் ஒன்பது நிமிடம். நாலாவது, தேனீயுடன், ஆறு நிமிடம் பத்து விநாடி. இது சேர்த்தியா இல்லையா என்று எந்தப் பாகத்திலாவது தயவுசெய்து எழுதவும்.

நேற்று எட்டுக் கிலோமீற்றர். ஒரு வண்டியிலும் ஏறவில்லை. ஆறாவதில் மழை பிடித்துக்கொண்டது, விடவில்லை. நனைந்த கோழியாய் வந்து சேர்ந்ததும், சப்பாத்து நனைந்தால் அடுப்படியில் காய வைக்காமல் பேப்பரைக் கசக்கித் திணித்து வைக்கவும் என்ற தங்கள் சொற்படி, நின்ற நிலையிலேயே கைக்கெட்டிய தாளை எடுத்து இரண்டிலும் இறுக்கித் திணித்து வைத்துவிட்டுத்தான் தலையே துவட்டினேன். பிறகு தேங்காய் துருவினேன், துணி துவைத்தேன், அவருக்குத் தொழிற்சாலைச் சட்டை அயர்ன் பண்ணினேன். இரவு முழங்கால் கொழுக்கட்டை மாதிரி இருந்தது. என் கதை இங்கேதான் சிக்கியிருக்கிறது ஐயா.

"ஏங்க, ஓட்டத்துக்கு முன்னாடி கொஞ்ச நாளு காலுக்கு ஓய்வு குடுக்கணும்ங்க" என்றேன்.

"எத்தன நாளு?"

"அது மூணாவது பாகத்துல இருக்கும்."

"பேப்பர்ல போட்டிருந்தா சரி. போடாததுக்கு நாம எப்படிச் செய்யிறது?"

கேசினி குறுக்கிட்டு, "அப்பா, அம்மாவோட முழங்காலப் பாருங்க, அதுல போட்டிருக்கு" என்றாள். அவர் கண்ணாடியைப் போட்டு என் முழங்காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "திகதி இல்லையே" என்றார். கெட்டவரல்லர். சப்பாத்துக்கும், சாப்பாட்டுப் பாகத்தில் வந்த வாழைப்பழத்துக்கும் தங்கள் பக்கத்தைக் காட்டியதும் மறுவார்த்தை பேசாதவர். அச்சில் ஒரு வரி இருந்தால் தேங்காயும் துருவுவார். அந்த ஒரு வரி இல்லாமல் இந்த முழங்காலோடு நான் இன்னும் இரண்டு வாரம் வீட்டுவேலை செய்தால், பண்டாரவளையில் ஏழாவது கிலோமீற்றரில் தண்ணீர்க் கேன் வான் எனக்காகக் காத்திருக்கும். ஆகவே எத்தனை இடர் வந்தாலும் வரும் ஞாயிறு மூன்றாம் பாகத்தை மறுபடி போடுங்கள். பெரிய எழுத்தில் போட்டால் இன்னும் நல்லது.

தங்கள் பேனாவும் பிள்ளை குட்டிகளும் நோய்நொடியின்றி நீண்ட காலம் ஓட அருள்புரியும்படி வேண்டி, எங்கள் ஐயரின் ஆசியையும் இத்துடன் சேர்த்தனுப்பி,

வணக்கத்துடன்,
இ. ஞானேஸ்வரி

பி.கு.: மேலே எழுதிய ஒன்றையும் பொருட்படுத்த வேண்டாம். மாலையில் சப்பாத்து காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் திணித்த தாளை இழுத்தேன். மூன்றாம் பாகம் இடது சப்பாத்துக்குள் இருந்தது. பர்ஹானிடம் நாளைக்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பக்கம் முழுதும் வாசிக்க முடிகிறது, ஓர் இடத்தில் மட்டும் ஈரத்தில் கிழிந்து சின்ன ஓட்டை. "ஓட்டத்துக்கு முந்திய", பிறகு ஓட்டை, பிறகு "நாட்கள் வீட்டுவேலை உட்பட முழு ஓய்வு". நான் பிள்ளையாரைப் பார்த்தேன். அவர் தன் தம்பியின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார், தம்பிக்கோ ஆறு முகம். கிழிந்த இடத்துக்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒட்டி, கறுப்புப் பேனையால், அச்செழுத்து மாதிரியே "ஆறு" என்று எழுதினேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய்க்கணக்கு. என் கணவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "ஆறு நாளு! அச்சுலயே இருக்கே!" என்றார். அடுத்த வாரம் திங்கள் தொடங்கித் தேங்காய் துருவுவது அவர், துவைப்பது கேசினி. ஒத்திகையாக இன்றைக்கே எனக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். இருபத்து நான்கு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் இருப்பவர், தேயிலை போட மறந்துவிட்டார். வெந்நீர் என்று சொல்லாமல் உட்கார்ந்தபடியே முழுதும் குடித்தேன். ஆகவே ஐயா, தங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், மூன்றாம் பாகத்தை எக்காரணம் கொண்டும் மறுபடி போட்டுவிடாதீர்கள். உண்மையில் அது எத்தனை நாள் என்பதை எனக்கும் எழுத வேண்டாம்.